பதினாலாம் நம்பர் பென்டிரைவ்

"என்ன காணாமப் போச்சு, இபு?"

"எம் பையனோட குரல்."

தர்சோனோ எழுதப்போன பேனாவை நிறுத்தினார். இருபத்தாறு வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து, எரிந்த கடை, மூழ்கிய படகு, மிரண்டோடிய எருமை என்று எல்லாவற்றுக்கும் படிவம் நிரப்பியவர். ஓய்வுபெற்ற பிறகு ஜாவாத் தீவின் யோக்யகார்த்தாவில் ஒரு வெள்ளிப் பட்டறையின் மாடியில் பலகை மாட்டித் துப்பறிந்துகொண்டிருக்கிறார். குரல் களவுபோன வழக்கு இதுவரை வந்ததில்லை.

பின்னால் நின்றிருந்த ஜுமிலா அவர் காதருகே குனிந்தாள். "எழுதிக்குங்க, பாக். நிறம் என்ன, உயரம் என்னன்னு கேளுங்க."

"சும்மா இரு, ஜும்."

ஜும் முன்பு பைக் டாக்ஸி ஓட்டியவள். ஒரு நாள் அவரை ஏற்றிப் போனவள் வழி முழுக்க அவர் வழக்கைப் பற்றிக் கேட்டாள், இறங்கும்போது குற்றவாளி யாரென்றும் சொன்னாள். தப்பாகத்தான் சொன்னாள். ஆனால் மனைவி போனபிறகு அவரிடம் யாரும் அவ்வளவு நேரம் பேசியதில்லை. மறுநாளே அவளை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்.

அந்த ஊரில் பெரியவர்களை மரியாதையாக இபு, பாக் என்பார்கள், அம்மா, ஐயா மாதிரி. இபு பார்த்தினாவுக்கு அறுபத்திரண்டு வயது. தபால் ஆபீசில் வேலை பார்த்தவள். அவர்கள் வந்திருந்த அந்தச் சின்ன வீட்டில் தனியாக இருந்தாள். ஜன்னலோர மேஜையில் பழைய லேப்டாப் ஒன்று பூப்போட்ட துணி போர்த்தியபடி இருந்தது. கப்பலில் வேலை பார்த்த மகன் தாமருடையது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நடுக்கடலில் காய்ச்சல் வந்து அவன் போய்விட்டான். துணிமணியோடு ஒரு அட்டைப்பெட்டியில் இந்த லேப்டாப்பும் வந்து சேர்ந்தது. கடலில் சிக்னல் கிடைக்காத நாட்களில் அவன் பேசிப் பதிந்து வைத்த நாற்பத்தோரு பதிவுகள் அதில் இருந்தன. ஒன்றையும் அனுப்பவில்லை. ஊர் வந்ததும் கேட்க வைக்கலாம் என்று நினைத்திருப்பான்.

"தினமும் மத்தியானம் ரெண்டு மணிக்குக் கேப்பேன்," என்றாள். "போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை தொறந்தா, வேற என்னமோ வந்துச்சு. அவன் வெச்ச கலங்கரை விளக்குப் படம் இல்ல. குரல் ஒண்ணுகூட இல்ல. முக்குக்கடை ரிப்பேர்காரனைக் கூப்பிட்டேன். எட்டிப் பாத்துட்டு, யாரோ லினக்ஸைப் புதுசா இன்ஸ்டால் பண்ணிட்டாங்க, பழசெல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

"அன்னைக்கு வீட்டுக்கு யார் வந்தாங்க?"

"யாரும் வரல. யார் வரப்போறா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "கெடச்சா நேரா எங்கிட்டக் குடுங்க. நீங்க யாரும் போட்டுக் கேக்கக் கூடாது," என்றாள்.

அந்த நிபந்தனையையும் தர்சோனோ எழுதிக்கொண்டார்.

லேப்டாப்பைத் திறந்தார். பளிச்சென்று வெறுந்திரை வந்தது. பாஸ்வேர்டு கேட்கவில்லை.

"இந்தப் பெட்டிக்கும் எனக்கும் ஒரே வியாதி," என்றாள் பார்த்தினா. "சந்தைல வாங்கவேண்டியதை அதுல அடிச்சு வெச்சேன். மறுநாள் தொறந்தா சுத்தமாக் காணோம். மறுபடி அடிச்சேன். மறுபடியும் காணோம். எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப்போச்சான்னு பயந்துட்டேன்."

சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால். திரையின் மூலையில் மூன்றேகால். தர்சோனோ இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ தெளிந்தது.

விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸ் அவருக்குப் பழக்கம்தான். மனைவி இறந்த வருஷம், ஆபீசில் கழித்துவிட்ட ஒரு கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து, பென்டிரைவிலிருந்து தானே இன்ஸ்டால் செய்ய உட்கார்ந்தார். ஐந்து ஞாயிற்றுக்கிழமை தோற்று, ஆறாவதில் ஜெயித்தார். சொல்ல வீட்டில் ஆள் இல்லை. தெருமுனைத் தேநீர்க் கடைக்காரனிடம் போய்ச் சொன்னார். அவன் தலையாட்டிவிட்டு, சர்க்கரை போதுமா என்று கேட்டான்.

"ஜும், புது வீட்டுக்கு ஒருத்தர் குடிவந்தாச்சு. அப்புறமும் வாசல்ல 'வாடகைக்கு'ன்னு பலகை தொங்குமா?"

"எங்க வீட்டுக்காரம்மா தொங்க விடுவாங்க. என்னை எப்பத் தொரத்தலாம்னு காத்துட்டிருக்காங்க."

"மத்தவங்க வீட்டுல?"

"தொங்காது."

"இங்க தொங்குது பார்." திரையில் இருந்த ஒரு சின்னப் படத்தைத் தொட்டுக் காட்டினார். அதன் கீழே 'இன்ஸ்டால் செய்ய' என்று போட்டிருந்தது. "இன்ஸ்டால் பண்ணி முடிச்சிருந்தா இது எதுக்கு? அதுவும் இல்லாம, இன்ஸ்டால் பண்றப்ப எந்த ஊருன்னு கேக்கும். ஊரைச் சொன்னா நம்ம ஊர் மணி காட்டும். இதுல ஏழு மணி நேரம் பின்னால இருக்கு. யாரும் ஊர் சொல்லல, அதனால கிரீன்விச் மணியே நிக்குது. இபு அடிச்சு வெச்சது மறுநாள் இருக்கறதில்ல. ஏன்னா எழுதிவெக்க அதுக்கு எடமே இல்ல. இது இன்ஸ்டால் பண்ணினது இல்ல, சும்மா பென்டிரைவிலிருந்து எட்டிப் பாக்கறது. வந்து உக்காந்து, நம்மகூடப் பேசி, எழுந்து போனா எல்லாத்தையும் மறந்துடும்."

"எனக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி," என்றாள் ஜும்.

சுவரை ஒட்டியிருந்த பக்கத்தில் விரலால் தடவினார். நகத்தளவே வெளியே தெரிந்த ஒரு பென்டிரைவ் தட்டுப்பட்டது.

"இன்ஸ்டால் பண்ணலைன்னா..." என்று ஆரம்பித்தாள் பார்த்தினா.

"பண்ணலைன்னா எதையும் அழிக்கவும் இல்ல, இபு."

பென்டிரைவை உருவிவிட்டு லேப்டாப்பை அணைத்துப் போட்டார். பார்த்தினா நாற்காலி விளிம்பில் நகர்ந்து உட்கார்ந்தாள். கலங்கரை விளக்கு வரும் என்று அவரும்தான் எதிர்பார்த்தார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது. ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை என்றது.

ஜும் சாவிக்கொத்தில் இருந்த திருப்புளியைக் கழற்றி நீட்டினாள். அடிமூடியைத் திறந்தார்கள். டிஸ்க் இருக்கவேண்டிய குழி காலியாக இருந்தது.

ஆனால் பக்கத்தில் இருந்த விசிறியில் தூசியே இல்லை. ரெண்டு வருஷமாக ஓடிய லேப்டாப்பில் அது அதிசயம். அடியில் நாலு ரப்பர்க் காலில் ஒன்று எப்போதோ விழுந்திருக்க, அதற்குப் பதிலாக சைக்கிள் டியூபை அளவாக வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

"திருட வந்தவன் வீட்டையும் பெருக்கித் துடைச்சிட்டுப் போயிருக்கான்," என்றாள் ஜும்.

தர்சோனோ பென்டிரைவை வெளிச்சத்தில் திருப்பினார். முதுகில் வெள்ளை நகப்பூச்சால் பொடி எழுத்தில் ஓர் எண் எழுதியிருந்தது. பதினாலு.

"ஒண்ணு ரெண்டு வெச்சிருக்கவன் நம்பர் போடமாட்டான். இது ஒரு கூட்டத்தோடது. வா."

*

ஊரில் லினக்ஸ் சங்கம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் சமூகக் கூடத்தில் பாய் விரித்து, யார் எந்தப் பழைய மெஷினைத் தூக்கிவந்தாலும் இன்ஸ்டால் செய்து கொடுப்பார்கள். அதன் செயலாளர் குந்தோரோ ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். பருத்த மனிதர். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் நம்பர் போட்ட பென்டிரைவ்கள்.

"பதினாலா?" டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார். "ஆமா, காணோம். இந்த நம்பரெல்லாம் தாமர் போட்டது, பாக். அவன் அம்மா பீரோவிலிருந்து நகப்பூச்சு எடுத்து. இருந்த வரைக்கும் அவன்தான் எங்களுக்கு எல்லாம்."

"இப்ப பதினாலு யார்கிட்ட?"

குந்தோரோ நோட்டைப் புரட்டினார். "லிந்தாங். ஒன்பது நாளா ஆளையே காணோம். போன் அணைஞ்சு கெடக்கு. வேலைக்கும் போகலையாம்."

"தாமருக்குப் பழக்கமா?"

"பழக்கமாவா? தாமர் இன்ஸ்டால் பண்ணுவான், இவன் ஸ்க்ரூ கழட்டுவான். ஒரே பொட்டலத்துலதான் ரெண்டு பேரும் சோறு தின்னுவாங்க. தாமர் போனப்புறம் இவன் வருவான், ஸ்க்ரூ கழட்டுவான், போவான். அவ்வளவுதான்."

தர்சோனோ வெளியே வந்து பார்த்தினாவுக்குப் போன் போட்டார்.

"இபு, அந்தச் சனிக்கிழமை லிந்தாங் வந்தானா?"

"வந்தானே. மாசாமாசம் முதல் சனிக்கிழமை வருவான். லேப்டாப்பைத் தொடைப்பான், என்கூடச் சாப்பிடுவான், போவான்."

"யாரும் வரலன்னீங்களே."

"நீங்க லிந்தாங்கைக் கேக்கறீங்கன்னு தோணல. அவன் யாரோ இல்லையே."

போனை வைத்தபின் ஜும் வண்டியைக் கிளப்பினாள். "வீட்டு ஆள்தான், பாக். எப்பவும் வீட்டு ஆள்தான். நான் காலைலயே சொல்லியிருப்பேன்."

"சொல்லலையே."

"யாரும் கேக்கலையே."

*

சோடே ஆற்றங்கரையில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கிச் செல்கின்றன. லிந்தாங்கின் அறை கடைசிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில். வாசலில் சைக்கிள் ஒன்று டியூப் இல்லாமல் நின்றது. ஜும் அதைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள்.

கதவைத் திறந்தவனுக்கு முப்பது முப்பத்தொன்று இருக்கும். ஒன்பது நாள் தாடி. அறைக்குள் ஒரு மேஜை விசிறி முழு வேகத்தில் சுற்றியது. அதன் முன்னால், இரண்டு செங்கல்லுக்கு நடுவில் செங்குத்தாக நிறுத்தியபடி, ஒரு ஹார்ட் டிஸ்க். அதிலிருந்து ஒரு கம்பி அவனுடைய கம்ப்யூட்டருக்குப் போயிற்று. டிக், டிக் என்று டிஸ்க் உள்ளிருந்து தட்டிக்கொண்டே இருந்தது. திரையில் எண்கள் நத்தை வேகத்தில் ஏறின.

தர்சோனோ பென்டிரைவை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். லிந்தாங் அதைப் பார்த்தான். மறுக்க முயலவில்லை.

"உள்ள வாங்க, பாக். சத்தம் போட்டு நடக்காதீங்க. அது அதிர்ச்சி தாங்காது."

"எதுக்குப்பா எடுத்த?"

"சாயங்காலமே திருப்பி வெச்சுடலாம்னுதான் எடுத்தேன்." அவன் தரையில் உட்கார்ந்தான். "பதிவெல்லாம் ஒரு காப்பி எடுத்துக்கறேன்னு கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். இபு முடியவே முடியாதுன்னுட்டாங்க. அதான் துடைக்கறப்ப கழட்டிட்டு வந்துட்டேன். லேப்டாப் தொறக்கலைன்னா பயந்துடுவாங்கன்னு அந்தப் பென்டிரைவைச் சொருகினேன். இங்க வந்து காப்பி போட ஆரம்பிச்சேன், பத்தாவது நிமிஷம் டிஸ்க் தட்ட ஆரம்பிச்சிருச்சு. சாகற டிஸ்க், பாக். அவங்க வீட்டுலயே இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தா ஒண்ணுகூட மிஞ்சியிருக்காது. ஆனா அதை நான் எந்த வாயால சொல்றது? திருடிட்டு வந்தவன் நான்தானே."

"அதான் போனை அணைச்சுட்ட."

"ஒவ்வொரு தடவை அடிக்கறப்பவும் அவங்கதான்னு நெனச்சேன்."

"எத்தனை தேறிச்சு?"

"முப்பத்தெட்டு. இன்னும் மூணு. படிக்க முடியாத எடத்தைத் திரும்பத் திரும்பப் போய்த் தட்டிக் கேக்குது. ஒன்பது நாளா நிறுத்தல. கரண்ட் போகக் கூடாதுன்னு..."

டிக், டிக். அப்புறம் ஒரு நீண்ட தேய்ப்புச் சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

லிந்தாங் எழுந்து போய் டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்தான். திரையில் எண்கள் நின்றுவிட்டன. பிறகு விசிறியை அணைத்தான். வெளியே ஆறு ஓடுவது கேட்டது.

"போயிருச்சு," என்றான்.

தர்சோனோ அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் முட்டி மடக்கி உட்கார்வது அபூர்வம். "தேறினதெல்லாம் கேட்டியா?"

"ஒண்ணே ஒண்ணு. சரியா வந்திருக்கான்னு பாக்க. முதல் வரியிலயே நிறுத்திட்டேன்."

"போடு."

பார்த்தினாவுக்குத் தந்த வார்த்தை அவருக்கு நினைவிருந்தது. ஆனாலும் போடச் சொன்னார். காற்றும் எஞ்சின் இரைச்சலும் வந்தன. அவற்றுக்கு மேல் ஓர் இளைஞனின் குரல். "நீ தூங்கியிருப்பே. இங்க மழை. உன்னோட சட்டை ஒண்ணு என் பையில வந்துருச்சு. திருப்பித் தரமாட்டேன்."

லிந்தாங் நிறுத்தினான். அவன் காதுமடல் சிவந்திருந்தது.

ஜும் மெல்லக் கேட்டாள். "அம்மாகிட்ட எந்த ஜாவாக்காரன் 'நீ'ன்னு பேசுவான்? நான் பேசியிருந்தா எங்கம்மா செருப்பு பறந்து வந்திருக்கும்."

"இது இபுவுக்குப் பேசினது இல்ல," என்றார் தர்சோனோ.

லிந்தாங் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "கப்பல் ஏறுறப்ப சொன்னான், சிக்னல் இல்லாத அன்னைக்குப் பேசி வெக்கறேன், வந்து கேளுன்னு. ரெண்டு வருஷமா அந்தப் பெட்டிக்கு எதிர்ல உக்காந்து சோறு தின்னுட்டு வரேன், பாக். இபு அவங்களோடதை மட்டும் போடுவாங்க. என்னோடது உள்ள இருக்கா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது. எப்படிக் கேக்கறது? எங்களைப் பத்தி அவங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா தாங்கமாட்டாங்க."

தர்சோனோ பென்டிரைவை அவன் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"லிந்தாங், அவங்க ரெண்டு வருஷமா தினமும் ரெண்டு மணிக்கு இதைக் கேக்கறாங்க. நாற்பத்தொண்ணையும். அவங்க காது நல்லாத்தான் இருக்கு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"காப்பி ஏன் தரலைன்னு நெனச்சே?" என்றார். "என்னையே கேக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. மூடி வெச்சது நீ மட்டும் இல்ல. கெளம்பு."

*

பார்த்தினா வாசலிலேயே நின்றிருந்தாள். லிந்தாங்கைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த பையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். "இளைச்சுட்டியே, லே," என்று மட்டும், பெற்ற மகனைக் கூப்பிடும் சொல்லில், சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

லிந்தாங் லேப்டாப்பை எடுத்துக் கவிழ்த்தான். வேலை தெரிந்தவன், வேலையில் இறங்கினான். வழியில் வாங்கிய புது டிஸ்க்கைக் குழியில் பொருத்தி ஸ்க்ரூ போட்டான். பதினாலாம் நம்பரைச் சொருகினான். இந்தத் தடவை எட்டிப் பார்க்க அல்ல, 'இன்ஸ்டால்' படத்தையே அழுத்தினான். மொழி கேட்டது. ஊர் கேட்டது. யோக்யகார்த்தாவின் மணி மூலையில் வந்து உட்கார்ந்தது. டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் போடவா என்று கேட்டபோது, பார்த்தினா பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அழிக்காதே."

"இது வெறும் டிஸ்க், இபு. இதுல ஒண்ணும் இல்ல. அவன் இங்க இருக்கான்." சட்டைப் பையில் இருந்த இன்னொரு பென்டிரைவைத் தொட்டுக் காட்டினான். அவள் பிடியைத் தளர்த்தினாள். ஆனால் கையை எடுக்கவில்லை. அப்படியே அவன் அழுத்தினான்.

கோடு மெல்ல நிரம்பியது. இருபது நிமிஷம். ஜும் சமையலறையில் தேநீர் போட்டாள். தர்சோனோ ஜன்னலோரம் நின்று, ஆறாவது ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் இதே கோடு நிரம்பியதை நினைத்துக்கொண்டார். அன்று திரும்பிப் பார்த்தபோது பின்னால் நாற்காலி காலியாக இருந்தது.

பென்டிரைவை எடுத்துவிட்டுத் திறந்ததும் புதுத் திரை வந்தது. குரல்களை ஒவ்வொன்றாக உள்ளே போட்டான். முடித்துவிட்டு, திரும்பாமலே சொன்னான்.

"முப்பத்தெட்டுதான், இபு. மூணு போயிருச்சு. என்னாலதான்."

"எது மூணு?"

"ஒண்ணு உங்களோடது. அவன் மீன் சமைச்சதைப் பத்திப் பேசுவானே, அது. மத்த ரெண்டு..." நின்றான். "தேதி மட்டும்தான் தெரியும். நான் அதைக் கேட்டதில்ல."

"மத்த ரெண்டும் உன்னோடது," என்றாள் பார்த்தினா.

லிந்தாங் அவள் பக்கம் திரும்பினான்.

"எம் பிள்ளை ஒரு நாள்கூட என்னை நீன்னு பேசினதில்ல. முதல் நாளே தெரிஞ்சுபோச்சு, இதுல பாதி எனக்கு இல்லன்னு. யாருக்குன்னுதான் தெரியல. நீ வந்து வந்து பெட்டியைத் தொடைச்சப்ப, உனக்கா இருக்கும்னு தோணுச்சு. கேக்க தைரியம் வரல." புடவைத் தலைப்பு மாதிரி தோளில் கிடந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "குடுத்துட்டா நீ எதுக்கு அப்புறம் இங்க வரப்போறேன்னு பயம். மாசத்துல ஒரு சனிக்கிழமைதான் இந்த வீட்டுல ரெண்டு தட்டு வெப்பேன். உன்னோடதையும் நானே கேட்டுக்கிட்டிருந்தேன். தப்புதான்."

லிந்தாங் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை.

"இப்ப ரெண்டு போயிருச்சேன்னு அழறியா? அழாதே. எழுநூறு நாள் கேட்டிருக்கேன். அவன் எங்க மூச்சு வாங்குவான், எங்க சிரிப்பான், எல்லாம் எனக்கு மனப்பாடம்." நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரில் போட்டுக்கொண்டாள். "நேரா உக்காரு, லே. சொல்றேன்."

தர்சோனோ ஜும்மைப் பார்த்தார். இருவரும் தேநீரை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். அவர் கதவைச் சாத்தினார். ஜன்னல் திறந்தே கிடந்தது.

"'ஏய், நீ இன்னைக்கு என்ன சாப்பிட்ட?'" என்று தொடங்கியது பார்த்தினாவின் குரல். கிழவியின் குரல்தான். ஆனால் பேசும் வேகம் அவளுடையது இல்லை. நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, கப்பலில் யாரோ கூப்பிட்டதற்கு "வரேன், வரேன்" என்று தள்ளி நின்று பதில் சொல்லிவிட்டு, மறுபடி வந்து விட்ட இடத்தில் தொடர்ந்தாள்.

ஜும் ஹெல்மெட்டை மாட்டினாள். சாவியைத் துளையில் வைத்தவள், திருகவில்லை. ஸ்டாண்டை எடுத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். தர்சோனோ பின்னால் ஒரு கை கொடுத்துத் தள்ளினார். சந்து முனைக்கு வந்த பிறகுதான் ஜும் சாவியைத் திருகினாள்.